கியர் ராடு நடந்த லட்சத்து எட்டு அடி

புதுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பெருமதிப்பிற்குரிய அக்கா பிரகதாம்பாள் அவர்களின் சமூகத்துக்கு, தம்பி சேவுகன் இரு கை கூப்பி எழுதும் கடிதம். இங்கு நானும் என் வீட்டுக்காரி இளமதி அம்மாவும் சுகம். என் சர்க்கரை முன்னைக்கு இப்போது தேவலை. அது ஏன் தேவலை என்பதும் இந்தக் கடிதத்திலேயே வரும். அங்கு தாங்களும், மச்சான் அவர்களும், கன்று போட்ட மாடும், அந்தக் கன்றும் சுகமாக இருக்க நார்த்தாமலை ஆத்தா துணை நிற்கட்டும்.

புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலைக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்தத் தூரத்துக்கு எதற்கு ஐந்து பக்கக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போனில் சொன்னால், காது கேட்கவில்லை என்று தாங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள். போன தடவை என் மூலத்தைப் பற்றித் தங்களிடம் ரகசியமாகச் சொன்னேன். மறுநாளே கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மா எனக்கு மருந்து கொடுத்துவிட்டார்கள். ஆகவே இது தபாலில் வருகிறது. தயவுசெய்து மனதுக்குள் படிக்கவும்.

விஷயம், தாங்கள் வைத்த வேண்டுதலைப் பற்றியது. தாங்கள் கோபப்படக் கூடாது. தாங்கள் முழுவதும் படித்துவிட்டுத்தான்... அக்கா, இதற்கு மேல் தாங்கள் தங்கள் என்று எழுதினால் எனக்கு விஷயமே வராது. சின்ன வயதிலிருந்து உன்னை நீ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், மன்னித்துக்கொள்.

போன வருஷம் நம் பெண் இளமதிக்கு ஏழரை மாதத்திலேயே வலி வந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் அல்லவா? நீயும் இளமதி அம்மாவும் அங்கே போய்விட்டீர்கள். எனக்கு மாற்று டிரைவர் கிடைக்காமல் நான் மட்டும் இங்கே மாட்டிக்கொண்டேன். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று நீ போன் செய்தபோது நம் மினி பஸ் பஸ் ஸ்டாண்டில் உறுமிக்கொண்டு நின்றது. அந்த வண்டிக்கு செல்ஃப் மோட்டார் சரியில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் கடைசி ட்ரிப் முடிந்துதான் நிறுத்துவோம், இல்லாவிட்டால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அந்த உறுமலிலும் பக்கத்து வண்டி ஹாரனிலும் நீ அழுதுகொண்டே சொன்னது இவ்வளவுதான் என் காதில் விழுந்தது: "லட்சத்தெட்டு அடி நடக்கணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்டா." உனக்கு முட்டி வலி. மச்சான் இடுப்பில் ஆபரேஷன் ஆனவர். மாப்பிள்ளை ஆனந்தராஜ் மாடியில் இருக்கும் ஜிம்முக்கே லிஃப்டில் போகிறவர். ஆகவே அது என் தலையில்தான் விழுந்தது என்று புரிந்துகொண்டேன். பிள்ளை பிழைத்தாள். காவ்யா என்று பெயர் வைத்தோம். நான் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்று கேட்காதே அக்கா. காலை ஐந்தரைக்கு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் இறங்குகிறேன். இந்த மாதம், அடுத்த மாதம் என்று ஒன்பது மாதம் ஓடிவிட்டது. பதினோராம் மாதம் நார்த்தாமலையில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று நீ நாள் குறித்த அன்றுதான் எனக்கு உறைத்தது. வேண்டுதலை முடிக்காமல் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு ஆத்தா முன்னால் போய் நிற்பேன்?

அந்த வாரம்தான் இளமதி எனக்கு ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினாள். எத்தனை அடி நடக்கிறோம் என்று அதுவே எண்ணுமாம். எண்ணியதை அவளுடைய போனுக்கும் சொல்லுமாம். சர்க்கரைக்காரர்கள் தினமும் எட்டாயிரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்காக வாங்கியது. இடது கையில் கட்டிக்கொண்டு முதல் நாள் வண்டி எடுத்தேன். சாயங்காலம் பார்த்தால் இருபத்தோராயிரத்து நானூறு! எனக்கே ஆச்சரியம். இளமதி பதறிப்போய்ப் போன் செய்தாள்.

"அப்பா, ஒரே நாள்ல இருபத்தோராயிரமா? முட்டி என்னாகுறது? கொஞ்சம் ஒக்காருங்கப்பா."

"சரிம்மா, ஒக்காருறேன்" என்றேன். மறுநாளும் உட்கார்ந்தேன். இருபத்திரண்டாயிரம்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், இரண்டாம் நாளே எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு நடந்தே போய் இடது கையில் காய்கறிப் பையோடு நடந்தே திரும்பினேன். மூச்சு வாங்கிற்று. வாட்ச் காட்டியது நூற்றுப்பத்து அடி. நடந்தால் எண்ணவில்லை, உட்கார்ந்தால் எண்ணுகிறது. ஆனால் படித்தவன் செய்த சாமான் தப்பாகவா சொல்லும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். யோசித்துப் பார், ஒரு நாளைக்குக் கிளட்சில் எத்தனை தடவை கால் வைக்கிறேன், பிரேக்கில் எத்தனை தடவை வைக்கிறேன்! காலை எடுத்து வைப்பதற்குப் பெயர்தானே அடி? தரையில் வைத்தால்தான் அடி என்று எங்கே எழுதியிருக்கிறது? இப்படி எல்லாம் பேசிப் பேசி மனதைத் தேற்றிக்கொண்டு, தினமும் வாட்ச் சொன்னதைக் காலண்டர் அட்டையில் எழுதிக் கூட்டினேன். பள்ளம் இருக்கிற ரோட்டில் எண்ணிக்கை நன்றாக ஏறியது. அதனால் பள்ளத்தைச் சுற்றிப் போகாமல் கொஞ்சம் உள்ளே இறக்கி ஏற்றினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் மூன்றாவது ட்ரிப்பில் குடுமியான்மலைக்குப் போகிற வழியில் லட்சத்து எட்டைத் தாண்டியது. ஸ்டாப் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, நார்த்தாமலை இருக்கும் திசையைப் பார்த்து விழுந்து கும்பிட்டேன். பாம்பு ஏதோ குறுக்கே போய்விட்டது என்று நினைத்துப் பாதி வண்டி இறங்கி என்னோடு சேர்ந்து கும்பிட்டது. அங்கிருந்தே உனக்குப் போன் செய்து, "அக்கா, லட்சத்தெட்டையும் முடிச்சிட்டேன்" என்றேன். நீ, "நல்லதுடா தம்பி, போயி மோர் குடி" என்று வைத்துவிட்டாய். பெரிய மனுஷி எவ்வளவு அடக்கமாக எடுத்துக்கொண்டாள் என்று எனக்குக் கண் கலங்கியது.

அதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன், பாவியாகவும் இருந்திருப்பேன். அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நேரத்துக்காக நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. என் இடது கை வழக்கம்போல் கியர் ராடு மேல். அந்த ராடு நடுங்குவது உனக்குத் தெரியும். ஒருமுறை முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டு, இதற்குக் குளிர் ஜுரமா என்று நீயே கேட்டாய். நான் கண்ணை மூடி லேசாகத் தூங்குகிறேன். திடீரென்று வாட்ச் கிர்கிர்ரென்று அதிர்ந்து, வாணவேடிக்கை எல்லாம் காட்டி, பத்தாயிரம் அடி முடித்ததற்கு எனக்கு வாழ்த்துச் சொன்னது. கண்டக்டர் வீரய்யா எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, தூங்கிக்கிட்டே எங்கிட்டுண்ணே நடந்தீங்க?"

அவன் சும்மா விடுகிற ஆளா? வாட்சைக் கழற்றிக் கியர் ராடு கழுத்திலேயே மாட்டினான். மனிதக் கை படாமல் அது நடந்தது அக்கா. நிமிஷத்துக்கு நாற்பது அடி. வண்டி முழுக்க எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அடக்க முடியாமல் வேண்டுதல் விஷயத்தை வீரய்யாவிடம் சொன்னேன். அவனுக்கு டிக்கெட் சத்தமாகச் சொல்லிப் பழகிய வாய். வண்டிக்கே தெரிந்துவிட்டது.

ஆட்டுத் தரகர் பிச்சைமுத்து முதலில் எனக்குச் சாதகமாகத்தான் பேசினார். "வண்டி போச்சு. வண்டிய ஓட்டுனது சேவுகன். அப்ப சேவுகன் போன மாதிரிதானே?"

"அப்பிடின்னா வண்டி ஓனர் லியோன் சாருக்குல்ல அந்தப் புண்ணியம் போகும்" என்றது பின் சீட்டு.

"ஓனரு வீட்டுல ஒக்காந்திருக்காரு. நாங்க நாப்பது பேரு தினம் இதுல குலுங்குறோம். எங்களுக்கும் பங்கு வேணும்ல?" என்று பிச்சைமுத்து கட்சி மாறிவிட்டார்.

முன் சீட்டில் ஆவூர்க்காரர் அமலராணி டீச்சர் உட்கார்ந்திருந்தார். அதுவரைக்கும் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "நாங்க வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடக்குறோங்க. யாரும் பஸ்ஸுல ஏறிக் கைய ஆட்டிக்கிட்டுப் போறதில்லைங்க" என்றார். அவ்வளவுதான். டீச்சர் சிவப்புப் பேனாவால் என் விடைத்தாளில் முட்டை போட்ட மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலமே இளமதியிடமிருந்து போன். "அப்பா, பாப்பாவுக்குக் காய்ச்சல். நூத்தி ரெண்டு இருக்கு." அக்கா, நான் கள்ளக் கணக்குச் சொன்னதற்கு அந்தப் பச்சைப் பிள்ளையா அனுபவிக்க வேண்டும் என்று அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் டயர் அடுக்கு மேல் உட்கார்ந்து அழுதேன். என்னைத் தண்டிக்கட்டும், சர்க்கரையை ஐந்நூறு ஆக்கட்டும், அவளை விட்டுவிடட்டும் என்று வேண்டினேன். வாட்சைக் கழற்றி வீரய்யா கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே நடக்கத் தொடங்கினேன்.

எப்படி எண்ணுவது என்பதற்கு வீரய்யாதான் வழி சொன்னான். பழைய கட்டணம் அச்சடித்து மிச்சமான டிக்கெட் கட்டுகள் அவனிடம் கிடந்தன. கட்டுக்கு நூறு டிக்கெட். நூறு அடிக்கு ஒரு டிக்கெட் கிழித்துப் பையில் போட வேண்டும். பத்துக் கட்டு தீர்ந்தால் லட்சம். "மெஷினு பொய் சொல்லும்ணே, டிக்கெட் பொய் சொல்லாது" என்றான். கண்டக்டர் புத்தி கண்டக்டர் புத்திதான்.

ஆனால் அக்கா, ஒரு டிரைவர் இந்த ஊரில் நடப்பது அவ்வளவு சுலபம் இல்லை. முப்பது வருஷமாக என்னை இந்த ரோட்டில் யாரும் நடந்து பார்த்ததில்லை. முதல் நாளே எதிரே வந்த மூன்று வண்டியும் நின்றது. "என்னண்ணே, பிரேக் டவுனா? ஏறுங்க." வேண்டாம் என்றால் கோபம் வருகிறது. பக்கத்து ரூட் டிரைவர் அடைக்கலம் இருக்கிறானே, அவன் நிறைவண்டியை என் பக்கத்திலேயே முதல் கியரில் உருட்டிக்கொண்டு வந்து, "எம் மேல என்ன கோவம்னு சொல்லிட்டு நடங்க" என்றான். அவன் வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக என்னைத் திட்டினார்கள். நான் வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். விரலை மட்டும் காட்டினேன். அதை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

அறுபத்தேழு, அறுபத்தெட்டு என்று போய்க்கொண்டிருக்கும்போது யாராவது "அண்ணே, சாப்டாச்சா?" என்பார்கள். போச்சு. அந்த நூறு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் லட்சத்து இருபதாயிரமாவது நடந்திருப்பேன். யாரும் கூப்பிடக் கூடாது என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தேன். சேவுகன் யாருக்கோ பயந்து ஒளிந்து திரிகிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. மூன்றாம் நாள் லியோன் சாரே காரை நிறுத்தி இறங்கி, "சேவுகா, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். வேலைய விட்டுட்டுப் போறேன்னு நடந்து காட்டாதே" என்று என் கையைப் பிடித்தார். அப்போது எண்பத்தொன்பது. கையை உருவிக்கொண்டு தொண்ணூறு என்றேன். அவர் நான் என் வயதைச் சொல்வதாக நினைத்துத் திகைத்து நின்றார்.

அதே மூன்றாம் நாள்தான் காவ்யாவுக்குக் காய்ச்சல் விட்டது. நான் ஆத்தா மன்னித்துவிட்டாள் என்று சொல்ல, இளமதி சிரிக்கிறாள். "ஒம்போதாம் மாசத்து ஊசி போட்டிருக்குப்பா. போட்டு ஒரு வாரம் பத்து நாள்ல காய்ச்சல் வரும்னு நர்ஸ் அன்னைக்கே சொன்னாங்க. ஒங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்." எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்படியே ரோட்டோரம் மைல் கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஊசியோ ஆத்தாவோ, பிள்ளை நன்றாக இருக்கிறாள், அது போதும் எனக்கு. ஆனாலும் நடையை நிறுத்தவில்லை அக்கா. பயம் போன பிறகு நடந்ததுதான் உண்மையில் நன்றாக இருந்தது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒரு டிக்கெட் கட்டில் கால்வாசி, சாயங்காலம் இறங்கிய பிறகு ஒரு பத்து டிக்கெட் என்று ஒரு மாதத்துக்கு மேல் நடந்தேன். முதல் வாரம் குதிகால் வெடித்தது, இரண்டாவது வாரம் செருப்பு அறுந்தது, மூன்றாவது வாரத்தில் என் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. போன வியாழக்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெயர் மாறிவிட்டதா என்று கேட்டார். இருநூற்றெண்பது இருந்த சர்க்கரை நூற்றைம்பதுக்கு வந்திருக்கிறது. ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

நேற்று ஆயிரமாவது டிக்கெட்டைக் கிழித்தேன். வீரய்யா விசில் ஊதினான். லட்சம் முடிந்தது. மிச்சம் எட்டு அடி இருக்கிறது. அதைக் காதுகுத்து அன்று காவ்யாவைத் தோளில் வைத்துக்கொண்டு ஆத்தா வாசலில் வைப்பதற்காக நிறுத்தியிருக்கிறேன்.

ஆகவே அக்கா, முதலில் போனில் முடிச்சிட்டேன் என்று சொன்னது நான் இல்லை, கியர் ராடு. இப்போது சொல்வதுதான் நான். உன் வேண்டுதலில் நான் செய்த கோளாறுக்கு நீ என்னைத் திட்டு, ஆனால் ஸ்பீக்கரில் வேண்டாம். பிள்ளைக்காக நீ வைத்த வேண்டுதலை நியாயமாக முடித்துவிட்டேன் என்ற நினைப்பே எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. நேற்று ராத்திரி நான் தூங்கிய மாதிரி இந்த ஒரு வருஷத்தில் தூங்கவில்லை.

மச்சான் அவர்களுக்கு என் பணிவான வணக்கம். கன்றுக்குட்டிக்கு என் ஆசீர்வாதம். உன் காலில் விழ வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது; நேரில் வந்து விழுகிறேன், இப்போது குனிய வருகிறது.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தம்பி,
சேவுகன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போதுதான் உங்கள் ஊர் பின்கோடு தெரியாது என்று தெரிந்தது. நான் தடுப்பதற்குள் பக்கத்தில் இருந்த வீரய்யா உனக்கே போன் போட்டுவிட்டான். நீ ஸ்பீக்கரில் போட்டாய், அவனும் போட்டான். என் வாய் சும்மா இருக்காமல், "அக்கா, வேண்டுதலுக்கு இன்னும் எட்டே எட்டு அடிதான்" என்றேன். அதற்குப் பிறகு நீ சொன்னது உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் எனக்கு மனதில் ஏறும்.

"அட கூறுகெட்டவனே! நீ நடக்கவாடா வேண்டிக்கிட்டேன்? பிள்ள பொழைக்குமோ பொழைக்காதோன்னு டாக்டரு கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. ஆத்தா, இது பொழச்சு எந்திரிச்சு இந்த மண்ணுல லட்சத்தெட்டு அடி நடக்கணும் தாயின்னு வேண்டிக்கிட்டேன். நடக்க வேண்டியது அவடா, நீ இல்ல."

"அப்ப முடிச்சிட்டேன்னு சொன்னப்ப நல்லதுன்னு சொன்னியே?"

"சக்கரைக்கு நடக்குறேன்னு நெனச்சேன்."

உன் தெரு சிரித்தது எனக்குக் கேட்டது. இங்கே வீரய்யா தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆகவே மேலே எழுதியிருக்கும் அத்தனையும் ரத்து. நானும் நடக்க வேண்டியதில்லை, கியர் ராடும் நடந்திருக்க வேண்டியதில்லை. கடிதத்தைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன். அந்த நேரம் இளமதி கூப்பிட்டாள். காவ்யா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். பிறகு கையை விட்டாளாம். வாட்ச் எதுவும் இல்லை, இளமதி தன் இரண்டு கண்ணால் பார்த்தது. ஒரே ஒரு அடி வைத்துவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாளாம்.

ஒன்று ஆயிற்று அக்கா. இன்னும் ஒரு லட்சத்து ஏழு.